செகண்ட்ஸ் பீஸை ஐந்து பையருக்கு அனுப்பியவர்கள்: கோவையில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம்

திருப்பூரில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் யூனிட் வைத்திருக்கிறேன். அடுத்தவர் தைத்த பீஸை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் தனியே எடுத்துப் போட்டுவிட்டு, நல்லதை மட்டும் மடித்துப் பெட்டியில் அடைத்துப் பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் கம்பெனிக்கு, அனுப்புவது என் தொழில். செகண்ட்ஸ், அதாவது பழுதான பீஸ், ஒன்று கண்ணில் படாமல் பெட்டிக்குள் நுழைந்துவிட்டால் எனக்கு டெபிட் நோட், அதாவது பணம் பிடிக்கும் சீட்டு, வரும். பதினெட்டு வருடமாக இதையே செய்கிற நான், சொந்த மகனின் செகண்ட்ஸ், ஒரு குறைந்த மதிப்பெண், ஐந்து கல்லூரிக்குப் போய்ச் சேரும்வரை தெரியாமல் காசு கட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மையத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இருந்த ஒரு பெண் என் மகனுக்கு உண்மையாகவே நல்லது செய்தாள், அது ஒரு காரணம். இன்னொன்று, பெயரைப் போட்டால் படிப்பவர்கள் அந்தக் கடையை மட்டும் தவிர்த்துவிட்டு இதே வேலையைச் செய்யும் பக்கத்துக் கடைக்குப் போவார்கள்.

2023 அக்டோபர், ஆயுத பூஜை முடிந்த வாரம் போனோம். அவிநாசி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இரண்டாம் மாடி. கண்ணாடிக் கதவு, சுவரில் ஏழெட்டு நாட்டுக் கொடி, விசா வாங்கிய பிள்ளைகள் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படங்கள். காபி கொடுத்தார்கள், நல்ல காபி. பெருந்துறையில் இருக்கும் மச்சான், தன் பக்கத்து வீட்டுப் பையன் இவர்கள் மூலமாகத்தான் டெக்சஸ் போனான் என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் போனோம். எங்கள் பக்கம் டாக்டரோ டெய்லரோ, ஆள் சொல்லாமல் யாரும் ஒரு கடைப் படி ஏறுவதில்லை.

பேக்கேஜ் 38,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 44,840. காமன் ஆப் (ஒரே விண்ணப்பத்தைப் பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பும் இணையதளம்) விண்ணப்பம், கட்டுரை திருத்தம், ஏ.பி. தேர்வுக்குப் பதிவு, அப்புறம் ‘பத்துக் கல்லூரிக்கு அஃபிஷியல் ஸ்கோர் ரிப்போர்ட்டிங்’. தேர்வுக் கட்டணம் தனி. கடைசி வரியைப் படித்தபோது பெரிய வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன். சீல் வைத்த உறை, தூதரகம், கெசட்டட் ஆபீசர் கையெழுத்து என்று என் மண்டையில் ஏதேதோ ஓடியது.

ஏ.பி. என்றால் என்ன என்று தெரியாத பெற்றோருக்காக: அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து எழுதும் தேர்வு அது. நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு, கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை நடத்துவதும் அவர்களே. மே மாதம் தேர்வு, ஜூலையில் முடிவு. மதிப்பெண் 1 முதல் 5 வரைதான். 3 வாங்கினால் தகுதி உண்டு என்று பொருள். 2-க்கு அவர்கள் வைத்திருக்கும் விளக்கம் ‘ஒருவேளை தகுதி இருக்கலாம்’. 200-க்கு 197.5, 198 என்று கட்-ஆஃபைப் புள்ளி வைத்துப் பிரித்துப் பழகிய நமக்கு, வெறும் ஐந்து படிக்கட்டு என்பது எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கையில் ஸ்டார் போடுவதுபோல இருந்தது. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இருக்கும் பள்ளம் பெரியது.

மூன்று தேர்வு எழுதட்டும் என்று மையம் முடிவு செய்தது. கால்குலஸ் பி.சி., இயற்பியல் சி-யில் இயந்திரவியல், அதே இயற்பியல் சி-யில் மின்சாரமும் காந்தமும். கோளாறு இங்கேயே ஆரம்பித்துவிட்டது, எனக்குத்தான் அப்போது புரியவில்லை. மின்னியலும் காந்தவியலும் சி.பி.எஸ்.இ.யில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். என் மகன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவன் தயங்கித் தயங்கி இதைச் சொன்னதற்கு, “ஏ.பி. எத்தனை அதிகமோ அத்தனை நல்லதுங்க சார்” என்று என்னைப் பார்த்துப் பதில் வந்தது. கேட்டது அவன், பதில் எனக்கு. கால்குலஸ் பி.சி.யில் வரும் முடிவிலாத் தொடர்களில் பெரும்பகுதி நம் பாடத்திட்டத்தில் கிடையாது. அதையும் சேர்த்து ராத்திரியில் காணொளி பார்த்துத் தானே படித்தான். இரண்டையும் ஒரே ஆளால் எப்படிச் சமாளிக்க முடியும்?

2024 மே மாதம் தேர்வு. பெங்களூரில் ஒரு பள்ளியில் மையம் கிடைத்தது. வந்தே பாரத்தில் போனோம். ஓசூர் தாண்டும்வரை பையன் வாய் திறக்கவில்லை. கால்குலஸ் எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். இயற்பியல் அன்றைக்குத்தான் பாடு. அந்த வருடம் வரைக்கும் இயற்பியல் சி இரண்டும் ஒரே நாளில் அடுத்தடுத்து நடந்தன. பன்னிரண்டு மணிக்கு இயந்திரவியல், இரண்டு மணிக்கு மின்சாரம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். வெளியே வந்ததும் “ரெண்டாவது பேப்பர் போச்சுங்கப்பா” என்றான். “விடு கண்ணு, தோசை சாப்பிடலாம் வா” என்று கூட்டிக்கொண்டு போனேன். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

ஜூன் நடுவில் மையத்திலிருந்து அழைப்பு. “சார், ஃப்ரீ ஸ்கோர் சென்ட் ஒண்ணு இருக்குங்க. ஜூன் 20 கடைசி தேதி. வீணாக்க வேண்டாம், தம்பியோட ட்ரீம் காலேஜுக்குப் போட்டர்றோம்.” இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். நான் செய்த தப்பு அது, மையத்தின் மேல் போட முடியாது.

அந்த இலவசத்தின் விவரத்தை அப்புறம் நானே உட்கார்ந்து படித்தேன். தேர்வு எழுதும் ஒவ்வொரு வருடமும், ஒரு கல்லூரிக்கு மதிப்பெண் அறிக்கையைக் காசில்லாமல் அனுப்பலாம். எந்தக் கல்லூரி என்பதை ஜூன் 20-க்குள் சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் நமக்குத் தெரிவதோ ஜூலையில். அதாவது, கூரியரில் போகும் சாம்பிளை நாம் பார்ப்பதற்கு முன்பே பையர் விலாசத்தை எழுதி ஒட்டிவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. அறிக்கையில் அந்த வருட மதிப்பெண் மட்டும் போகாது. அதுவரை எழுதிய எல்லா ஏ.பி.யும் சேர்ந்தே போகும். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பும் வசதி சாதாரணமாகக் கிடையாது. ஒரு குறிப்பிட்ட மதிப்பெண்ணை ஒரு கல்லூரியிடமிருந்து மறைத்து வைக்க வேண்டுமானால் கையெழுத்துப் போட்ட படிவமும், ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு கல்லூரிக்கு 10 டாலர் வீதம் பணமும் அனுப்ப வேண்டும். மதிப்பெண்ணையே ஒட்டுமொத்தமாக அழித்துவிடலாம், அதற்குக் காசில்லை. ஆனால் அழித்தது அழித்ததுதான், திரும்ப வராது. இலவச அறிக்கையில் இவை நடக்க வேண்டுமென்றால் ஜூன் 15-க்குள் கேட்டிருக்க வேண்டும். மதிப்பெண் வருமுன் மறைக்கச் சொல்ல வேண்டும்! என் மகன் ‘போச்சு’ என்று மே மாதமே சொன்னான். யாராவது எனக்கு இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஜூன் 15-க்கு முன்னால் பத்து டாலர் கட்டியிருப்பேன்.

ஜூலையில் முடிவு வந்த அன்று எங்களால் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் மகனின் காலேஜ் போர்டு கணக்கை மையம் தன்னுடைய மின்னஞ்சலில் திறந்திருந்தது. கடவுச்சொல்லும் அவர்களிடம். நம் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்க அவர்கள் பதினோரு மணிக்குக் கடை திறக்கும்வரை காத்திருந்தோம். திருப்பூரிலிருந்து காரில் போய், வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று, கணினித் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். கால்குலஸ் பி.சி. 5. இயந்திரவியல் 4. மின்சாரமும் காந்தமும் 2.

“இந்த ரெண்டு மார்க் ஏற்கனவே போயிருச்சுங்களா?” என்று கேட்டேன்.

“ஃப்ரீ சென்ட் போட்ட காலேஜுக்குப் போயிருக்கும் சார்.”

“மார்க் வர்றதுக்கு முன்னாடி எப்படிங்க அனுப்பறது?”

“ஃப்ரீதானுங்க சார் அது.”

மகன் கண்ணாடிக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அன்றைக்கு அதற்குமேல் பேசவில்லை. அதுவும் தப்புதான். அப்போதே கணக்கின் மின்னஞ்சலை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் ஆகஸ்டில் அவர்கள் ‘பேக்கேஜ்படி’ இன்னும் நான்கு கல்லூரிக்கு அறிக்கை அனுப்பிவிட்டார்கள். ஒன்றுக்கு 15 டாலர், நான்குக்கு 60 டாலர், அன்றைய மதிப்பில் ஐயாயிரம் ரூபாய். நான்கிலும் அந்த 2 இருந்தது. பத்துக் கல்லூரிக்கான காசை வாங்கியிருப்பதால் வேலை செய்ததாகக் காட்ட வேண்டுமே! உடனடியாக அனுப்பினதுதான் அவர்கள் காட்டிய சுறுசுறுப்பு.

அக்டோபரில் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், லோடு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகன் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அவன் விண்ணப்பிக்கப்போகும் ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் வரிசையாகப் படித்திருக்கிறான். “அப்பா, இது எதையுமே இப்ப அனுப்ப வேண்டியதில்லீங்கப்பா” என்றான்.

விஷயம் இதுதான். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள், விண்ணப்பிக்கும் கட்டத்தில் ஏ.பி. அறிக்கையைக் காலேஜ் போர்டிடமிருந்து எதிர்பார்ப்பதே இல்லை. காமன் ஆப் விண்ணப்பத்தில் தேர்வுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. எத்தனை ஏ.பி. தேர்வைக் காட்ட விரும்புகிறாய் என்று அங்கே கேட்கிறார்கள். எழுதியது எத்தனை என்பது கேள்வி இல்லை, காட்ட விரும்புவது எத்தனை. பாடம், தேதி, மதிப்பெண் எல்லாம் மாணவனே தட்டச்சு செய்ய வேண்டும். இனிமேல் எழுதப்போகும் தேர்வையும் சேர்க்கலாம். சான்று கேட்பதில்லை. ஒரு ரூபாய் செலவில்லை. பிள்ளைக்கு இடம் கிடைத்து, அவன் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, சேர்வது உறுதியான பிறகு, அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் அதிகாரபூர்வ அறிக்கை போனால் போதும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மார்க் ஷீட் நகலைக் கெசட்டட் ஆபீசரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க, தாலூகா ஆபீஸ் வராண்டாவில் ஒரு பகல் முழுக்க நின்ற தலைமுறை நான். “பையன் எழுதறத அப்படியே நம்பிக்குவாங்களா? நாளைக்கு ஒருத்தன் எல்லாத்துக்கும் 5 போட்டான்னா?” என்றேன். “சேரும்போது ஒரிஜினல் கேப்பாங்கப்பா. அதுல மாறியிருந்தா சீட்டைப் புடுங்கிக்குவாங்க” என்றான். சரிதான். முன்னால் நம்பிவிட்டு, பின்னால் ஒரே ஒரு தடவை சரிபார்க்கிறார்கள். எங்கள் தொழிலில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று உண்டு, அதே மாதிரி.

ஐந்து இடத்துக்குப் போய்விட்ட அந்த 2 கெடுதல் செய்ததா? நியாயமாகச் சொன்னால் தெரியாது. ஒன்பது கல்லூரிக்கு விண்ணப்பித்தான். மூன்றில் இடம் கிடைத்தது. அந்த மூன்றும் 2-ஐப் பார்க்காத நான்கில் உள்ளவை. 2-ஐப் பார்த்த ஐந்தும் இல்லை என்றன. ஆனால் அந்த ஐந்தும் இடம் கிடைக்கக் கஷ்டமான கல்லூரிகள், 2 இல்லாமலும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்றோம் என்று எந்தக் கல்லூரியும் எழுதி அனுப்புவதில்லை. என் மனைவி ஆறு மாதம் அந்த 2-ஐத் திட்டினாள். நான் மையத்தைத் திட்டினேன். பையன் யாரையும் திட்டவில்லை.

அந்த அக்டோபர் ராத்திரிக்கு அடுத்த நாளே கோவைக்குப் போனேன். இந்தத் தடவை கோபத்தோடு. மேலாளர் வந்து உட்கார்ந்தார். சில கல்லூரிகள் எல்லா மதிப்பெண்ணையும் கேட்கும், அதனால்தான் அனுப்பினோம் என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் ஒரு புது முறையை அறிவித்தது. எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி., ஏ.பி., ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத் தேர்வு, இந்த நான்கில் ஏதாவது ஒரு வகையைக் கொடுத்தால் போதும், ஆனால் எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி.யைக் கொடுப்பவர், அதுவரை எழுதிய ஏ.பி. எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஆக, அப்படி ஒரு விதி உலகத்தில் உண்டு. என் மகன் எஸ்.ஏ.டி.யில் 1480 வைத்திருந்தான். யேலுக்கு விண்ணப்பிக்கவும் இல்லை. “அப்போ இவனுக்கு எதுக்குங்க அந்த விதி?” என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. காபி வந்தது. குடிக்கவில்லை.

அன்றைக்கே அவர்கள் நிரப்பி வைத்திருந்த காமன் ஆப் விண்ணப்பத்தின் முன்பார்வையை அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னேன். பையன் பேனாவோடு உட்கார்ந்தான். இரண்டாவது நிமிடத்தில் ஒரு வட்டம் போட்டான். ‘கால்குலஸ் ஏ.பி. 5, கால்குலஸ் பி.சி. 5’ என்று இரண்டு தனித்தனித் தேர்வாகப் பதிந்திருந்தார்கள். இங்கே கால்குலஸுக்குப் பின்னால் வரும் ஏ.பி. என்பது நான் இதுவரை சொன்ன ஏ.பி. (AP) இல்லை, ஆங்கில எழுத்து ஏ-யும் பி-யும் (AB); பி.சி.யைவிடச் சின்ன பாடத்திட்டம் கொண்ட வேறொரு கால்குலஸ் தேர்வின் பெயர். பி.சி. எழுதினால் அதற்குள் அடங்கிய அந்தச் சின்னப் பாடத்துக்கும் ஒரு துணை மதிப்பெண் அறிக்கையில் வரும். அதைப் பார்த்துவிட்டு அவன் இன்னொரு தேர்வும் எழுதியதாக நினைத்துக்கொண்டார்கள். ஒரே வருடத்தில் அந்த இரண்டையும் எழுத காலேஜ் போர்டு அனுமதிப்பதே இல்லை. விதிப்படி நடக்கவே முடியாத ஒன்றை என் மகன் சாதித்ததாக எழுதி, கீழே அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அப்படியே போயிருந்தால் பொய் சொன்னவன் என்ற பெயர் அவனுக்குத்தானே வந்திருக்கும்?

பெயரிலும் ஒரு குளறுபடி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் என் பெயர் அவனுடைய குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. தேர்வுப் பதிவில் மையம் வெறும் தலைப்பெழுத்தைப் போட்டிருந்தது, காமன் ஆப்பில் முழுப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அங்கே இருக்கும் கணினிக்கு எப்படித் தெரியும்? காலேஜ் போர்டுக்கு எழுதி, பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல மாற்றினோம். தமிழ்நாட்டுப் பெற்றோர் இதை மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். எஸ்.ஏ.டி., ஏ.பி., காமன் ஆப், பள்ளி மார்க் ஷீட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் எழுத்து.

மையத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண், அவர்கள் அனுப்பிய அதே மதிப்பெண்தான்: 5-க்கு 2. ஒருவேளை தகுதி இருக்கலாம். 1 போடாததற்குக் காரணம் அந்தப் பெண்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரைக்கு உதவ உட்காரும் பிள்ளை அவள், இருபத்தைந்து வயது இருக்கும். என் மகன் முதலில் ரோபோ செய்தது, கிரிக்கெட்டில் தோற்றது என்று ஏதோ எழுதிக்கொண்டு போனான். அவள் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, “லீவுக்கு எங்க போவீங்க?” என்று கேட்டிருக்கிறாள். அப்புச்சி ஊருக்கு, அதாவது என் மாமனார் ஊருக்கு, என்றான். அவன் அப்புச்சியின் நிலம் ஒரத்துப்பாளையம் அணையின் ஆயக்கட்டில். நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய அணை. பாசனத்துக்கென்று கட்டினார்கள், திருப்பூர்ச் சாயத் தண்ணீர்தான் வந்து நிறைந்தது. கிணறு உப்பாகி, தென்னை குருத்துக் காய்ந்து, அப்புச்சி நிலத்தைச் சும்மா போட்டுவிட்டார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, துணி வராமல் என் யூனிட்டும் மாதக்கணக்கில் ஓடவில்லை. ஒரு பக்கம் அப்புச்சியின் கிணறு, இன்னொரு பக்கம் அப்பாவின் சம்பாத்தியம், இரண்டும் ஒரே தண்ணீர். அதை எழுத வைத்தது அவள்தான். நான்கு தடவை திருத்தச் சொன்னாள், ஒரு வாக்கியம்கூட அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அச்செடுத்து என் மாமனாருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். அவர் கேட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

சண்டைக்குப் பிறகு 7,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள், தீபாவளி இனிப்புப் பெட்டியோடு. கணக்கை மகனின் மின்னஞ்சலுக்கு மாற்ற வாங்கிய ஒன்பது நாள்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. விண்ணப்பத்தை அவனே முடித்தான். கால்குலஸ் 5, இயந்திரவியல் 4 என்று இரண்டைக் காட்டினான். மின்சாரமும் காந்தமும் 2025 மே மாதம் எழுதப்போகும் தேர்வு என்று போட்டான்.

எழுதவும் செய்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் முழுதாகப் படித்து முடித்தபிறகு. அந்த வருடம் முறையும் மாறியிருந்தது: இயற்பியல் சி ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், தனித்தனி நாள். விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகள் கணினியில் ப்ளூபுக் என்ற செயலியில், விரிவான விடைகள் தாளில். 4 வாங்கினான். இடைப்பட்ட ஒரு வருடத்தில் அவன் புத்திசாலியாகிவிடவில்லை, பாடம் நடந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு வருடம் பொறுத்திருந்தால் அந்த 2 பிறந்தே இருக்காது.

அந்த இலவச அறிக்கைக்கு உண்மையான உபயோகம் இதுதான் என்று அப்போது தெரிந்தது. சேரும் கல்லூரி மே மாதத்திலேயே முடிவாகியிருந்தது. ஜூன் 20-க்கு முன்னால் அந்தக் கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டான். ஜூலையில் பழைய 5, 4, 2, புது 4 எல்லாம் சேர்ந்து தானாகவே போய்ச் சேர்ந்தன. இடம் ஏற்கனவே கையில் இருந்ததால் 2-ஐப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. புது 4-ஐ எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அதிகாரபூர்வ அறிக்கைக்கு எங்களுக்கு உண்மையாக ஆகியிருக்க வேண்டிய செலவு பூஜ்யம். பன்னிரண்டாம் வகுப்பில் தேர்வு எழுதாத பிள்ளையாக இருந்தால் 15 டாலர்.

கல்லூரிக்குள் போனபிறகு இந்த மதிப்பெண் எதற்கு ஆகும் என்பது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதம். ஒரு பையர் கால் இஞ்ச் அளவு வித்தியாசத்தை விடுவான், இன்னொருவன் நூல் பிசிறுக்கே பெட்டியைத் திருப்புவான், அதுபோலத்தான். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் 3-இலிருந்தே கிரெடிட், அதாவது கல்லூரிப் படிப்பில் சேரும் புள்ளி, கொடுக்கின்றன. எஸ்.ஏ.டி.யைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. சேர்பவர்களின் ஏ.பி. அறிக்கை ஜூலை 15-க்குள் வர வேண்டும் என்கின்றன. எம்.ஐ.டி.யில் கால்குலஸ் பி.சி.க்கு 5 இருந்தால்தான் முதல் கால்குலஸ் பாடம் கழியும், 4-க்கு ஒன்றுமில்லை. கால்டெக் எந்த மதிப்பெண்ணுக்கும் கிரெடிட் தருவதில்லை. என் மகன் போயிருப்பது சோளக்காட்டு நடுவில் இருக்கும் ஒரு அரசுப் பல்கலை. அங்கே இரண்டு கால்குலஸ் பாடமும் ஒரு இயற்பியல் பாடமும் கழிந்தன. மையம் இந்த விவரத்தில் ஒரு வரிகூட எங்களுக்குச் சொன்னதில்லை. மதிப்பெண்ணை எங்கே அனுப்புவது என்பதைவிட, அனுப்பினால் என்ன கிடைக்கும் என்பதற்குத்தான் நான் காசு கொடுத்திருப்பேன்.

2025 ஆகஸ்டில் விமானம் ஏறினான். அதே மாதம் 27-ஆம் தேதி நம் சரக்குக்கு அமெரிக்காவில் வரி 50 சதவீதம் ஆனது. என் யூனிட்டில் பாதி மேசை காலி. அது வேறு புலம்பல், இங்கே வேண்டாம்.

இப்போது மச்சானின் மகள் பதினொன்றாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து அவள் மின்னஞ்சலில், பாஸ்போர்ட் பெயரில் கணக்குத் திறந்து கொடுத்தேன். இருபது நிமிடம் ஆனது. இந்த வருடம் கால்குலஸ் மட்டும் எழுதப்போகிறாள், இயற்பியல் அடுத்த வருடம். காலண்டரில் ஜூன் 20-க்கு நேராக ‘ஒன்றும் செய்யாதே’ என்று எழுதி வைத்தாள், நான் சொல்லாமலே.

“கட்டுரைக்கு மட்டுமாவது அந்த மையத்துக்குப் போகட்டுங்களா மாப்ள?” என்று மச்சான் கேட்டார். அந்தப் பெண் இருக்கிறாளா என்று போன் போட்டுக் கேட்டேன். வேலையை விட்டுவிட்டாளாம். மகனிடம் அவள் எண் இருந்தது. இப்போது வீட்டிலிருந்தே கட்டுரைக்கு மட்டும் உட்காருகிறாளாம், ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய். மதிப்பெண் அனுப்பும் வேலையும் சேர்த்துச் செய்வாயா அம்மணி என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“அது உங்க பையனே பண்ணுவானுங்க சார், அதுக்கு எதுக்கு நான்?” என்றாள்.